பாடம் யூடியூப்பில் இருக்கிறது, அப்புறம் காலேஜ் எதற்கு?

காங்கயம் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கும் ஒரு அப்பா கேட்டது இது: "பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்குதுங்க. எல்லாப் பாடமும் போன்லயே வருது. சந்தேகம்னா ஏஐ சொல்லிக் குடுக்குது. இத்தனை ஃபீஸ் கட்டி, தினமும் ரெண்டு மணி நேரம் காலேஜ் பஸ்ல அலைஞ்சு, நாலு வருஷம் போகோணுமா? டிஜிட்டல் டிஜிட்டல்னு சொல்றாங்களே, காலேஜ்ல உண்மையிலயே என்னதானுங்க மாறியிருக்குது?"

நான் ஈரோடு வட்டாரத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் பாடம் நடத்துகிறவன். 24 வருஷமாச்சு. "காலேஜ் வேணும்" என்று நான் சொன்னால் சொந்தப் பிழைப்புக்காகச் சொல்கிறான் என்று நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் மாறியது வகுப்பறை இல்லை, வாசல். 2018க்கு முன்னால் என்றால் பொறியியல் கவுன்சிலிங்குக்குக் கிண்டிக்குத்தான் போக வேண்டும். ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ், கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சேரன். விடியும் முன்னால் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, கையில் மஞ்சப்பையும் சர்டிபிகேட் ஃபைலுமாக அண்ணா பல்கலைக்கழக வாசலில் போய் நிற்பார்கள். அப்பா, பிள்ளை, கூடவே "விவரம் தெரிஞ்ச" ஒரு மாமா. உள்ளே திரையில் எந்தக் காலேஜில் எத்தனை சீட் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் போனவன் எடுத்துவிட்டால் உங்கள் சீட் போச்சு. சில நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்தச் சில நிமிஷத்துக்கு ஒரு குடும்பம் இரண்டு நாள் வேலையை விட்டு வரும்.

2018இல் அது ஆன்லைன் ஆனது. இப்போது உங்கள் மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, விருப்பப் பட்டியலை எத்தனை நீளமாக வேண்டுமானாலும் போடலாம், கெடு முடியும்வரை மாற்றி மாற்றி அடுக்கலாம். இது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்த மாமாவின் இடத்துக்கு இப்போது பிரவுசிங் சென்டர்காரர் வந்துவிட்டார். எந்தக் காலேஜை எந்த வரிசையில் போடுவது என்று அவரே முடிவு செய்து தருகிறார். பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இனி பாடத்துக்கு வருவோம். என்பிடிஇஎல் என்று ஒன்று. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. அங்கே பாடம் நடத்துகிற பேராசிரியர்களின் வகுப்பை முழுசாகப் படம் பிடித்து யாரும் பார்க்கலாம் என்று போட்டுவிட்டார்கள். 2017இல் மத்திய அரசின் ஸ்வயம் என்ற ஆன்லைன் பாடத் தளம் வந்த பிறகு அதற்கு மதிப்பெண், பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் எல்லாம் சேர்ந்தது. 4, 8, 12 வாரப் பாடங்கள். கேட்கக் காசில்லை, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். வாராவாரம் போடுகிற அசைன்மென்டுக்கு 25, மையத்துக்கு நேரில் போய் எழுதுகிற தேர்வுக்கு 75. ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படி ஸ்வயம் வழியாகப் படிக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம் என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் விதியே கொண்டுவந்துவிட்டது.

இது வந்தபோது எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். மின் இயந்திரங்கள் பாடத்தில் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஏன் தானாகக் கிளம்பாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சுழலும் காந்தப் புலம் அதில் கிடையாது, ஏறி இறங்கும் புலம்தான் உண்டு. அந்த ஒன்றையே எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புலங்களாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று போர்டில் படம் போட்டேன். படம் கோணிக்கொண்டது. கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்திலிருப்பவனிடம் போனைக் காட்டினான். பிடுங்கப் போனேன். பார்த்தால் அதே படம், ஐஐடி பேராசிரியர் ஒருவர் போட்டது, அசைவோடு. என்னுடையதைவிட நூறு மடங்கு தெளிவு. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அதையே எல்லாரும் பாருங்கப்பா" என்றேன். சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அதிலிருந்துதான் ஒரு விஷயம் பிடிபட்டது. எங்கள் கல்லூரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலும் அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரிகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, முதல் நாளே இங்கிலீஷில் பாடம் கேட்கிறவர்கள். வகுப்பில் நான் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அறுபது பேர் முன்னால் எழுந்து "சார், இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்கிற தைரியம் முதல் வருஷத்தில் எவருக்கும் வராது. வீடியோவை நிறுத்தலாம், பத்துத் தடவை பின்னால் தள்ளலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். அதுவும் புரியவில்லை என்றால் அதே பாடத்தைத் தமிழில் நடத்துகிற யூடியூப்காரர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலே அதில்தான் ஓடுகிறது. வாத்தியார்கள் சிலர் இதைக் கேவலமாகப் பேசுவார்கள். நான் பேச மாட்டேன். கூச்சப்படுகிற பிள்ளைக்கு அந்தப் பின்னால் தள்ளும் பொத்தான் செய்ததை நான் 24 வருஷத்தில் செய்ததில்லை.

அப்படியானால் உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பாடம் சொல்வது இலவசமாகிவிட்டது என்றால், காலேஜுக்கு எதற்குக் காசு?

2020 மார்ச்சில் காலேஜை மூடியபோது இதை நாங்கள் வேண்டாமலேயே பரிசோதித்துப் பார்த்துவிட்டோம். லேப்டாப்பில் அறுபது கறுப்புக் கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. "புரியுதாப்பா?" என்றால் சாட்டில் வரிசையாக "எஸ் சார்". ஒருநாள் பள்ளிபாளையத்துப் பையன் ஒருவனைப் பதில் சொல்லச் சொன்னேன். மைக்கை ஆன் செய்தான். தடக் தடக் தடக் என்று தறிச் சத்தம். அவன் குரலே கேட்கவில்லை. நாலு தறி ஓடுகிற கொட்டகையில், ஒரு கையில் போன், ஒரு கை பாவில். வீட்டில் ஒரே போன், அது அண்ணனுக்கும் வேண்டும். அந்த ஒரு நிமிஷச் சத்தத்தில்தான் "எஸ் சார்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கியது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜிபி டேட்டா என்று அரசு கொடுத்தது. உதவிதான். தறியை நிறுத்த அதனால் முடியுமா?

வகுப்பறையில் இருந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பேன், புரியவில்லை என்று. புருவம் சுருங்கும், பேனா நின்றுவிடும். பாடம் சொல்வது வேறு, ஒருவன் எங்கே தடுக்கி நிற்கிறான் என்று பார்ப்பது வேறு. இதுவரை இரண்டையும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் செய்ததால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முதலாவது மலிவாகிவிட்டது. இரண்டாவதற்கு மனிதன் வேண்டும், அதைவிட முக்கியமாக அந்த மனிதனுக்கு நேரம் வேண்டும்.

லேபில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். விர்ச்சுவல் லேப்ஸ் என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் திட்டம் ஒன்று இருக்கிறது. ஐஐடிகளோடு நம் எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகமும் அதில் பங்கு. திரையிலேயே இணைப்புக் கொடுத்து, சுவிட்சைப் போட்டு, ரீடிங் எடுக்கலாம். நல்ல விஷயம். லேபுக்கு வருவதற்கு முந்தின நாள் வீட்டில் அதைச் செய்துவிட்டு வா என்று நானே சொல்கிறேன். ஆனால் மூன்று ஃபேஸ் மோட்டாரில் நோ-லோடு டெஸ்ட், அதாவது சுமை எதுவும் மாட்டாமல் ஓட்டிப் பார்ப்பது, செய்யும்போது ஒரு சங்கதி நடக்கும். லோடு இல்லாததால் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற மின்சாரத்தில் எவ்வளவு நிஜமான வேலைக்குப் போகிறது என்று சொல்லும் எண், 0.5க்குக் கீழே போய்விடும். அப்போது பவரை அளக்க மாட்டியிருக்கிற இரண்டு வாட்மீட்டரில் ஒன்றின் முள் பூஜ்யத்துக்குப் பின்னால் போய் முட்டும். திரையில் அது வெறும் மைனஸ் குறி. மேசையில் அப்படியில்லை. முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் மீட்டரைக் கெடுத்துவிட்டோம் என்று பதறுவார்கள். போன வருஷம் ஒரு பெண் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டாள். சப்ளையை நிறுத்து, அந்த ஒரு மீட்டரின் இணைப்பை மட்டும் மாற்றிப் போடு, வருகிற ரீடிங்கை மைனஸாக எழுது என்றேன். செய்தாள். முள் முன்னால் நகர்ந்தது. "அப்ப இது கெட்டுப்போகலீங்களா சார்?" என்றாள். இல்லை, நீ கணக்கில் படித்ததைத்தான் அது சொல்கிறது என்றேன். வகுப்பில் ஒரு மாதம் தலையில் ஏறாத பவர் ஃபேக்டர் அந்த இடத்தில் ஏறியது.

நம் ஊருக்கு இது புதிதுமில்லை. கோவையில் பிஎஸ்ஜி அறநிலையம் 1926இலேயே பட்டறையோடு சேர்ந்த தொழிற்பயிற்சிக் கூடம் தொடங்கிவிட்டது. ஜி.டி. நாயுடு 1945இல் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். அதுதான் இன்றைய ஜிசிடி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அவரே பிறகு நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். இன்றைக்குக் குறுகிய காலச் சான்றிதழ், வேண்டியதை மட்டும் படித்துக் கிரெடிட்டைச் சேர்த்துக்கொள் என்று யுஜிசி 2021இல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி, எல்லாம் பேசப்படும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். ஆனால் அவர் சொன்ன இரண்டு வருஷம் கையில் கிரீஸோடு. அதை மறந்துவிடக் கூடாது.

இப்போது ஏஐ. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த செமஸ்டரிலேயே அசைன்மென்டுகளின் இங்கிலீஷ் திடீரென்று நன்றாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. ஒரு பையன் லேப் ரெக்கார்டைக் கொண்டுவந்தான். அட்டவணை, கணக்கு, வரைபடம், முடிவு எல்லாம் சுத்தம். எங்கள் லேபில் லைன் வோல்டேஜ் ஒருநாளும் புத்தகத்தில் இருக்கிற 415இல் நிற்காது. 402 இருக்கும், சாயங்காலம் பக்கத்து மில் ஓட ஆரம்பித்தால் 396க்கு இறங்கும். அவன் அட்டவணையில் எட்டு வரியிலும் 415. "தம்பி, இது எந்த ஊர் கரண்டு?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது? ரெக்கார்டை எழுதி வா என்பதே பொருளில்லாத வேலையாகிவிட்டது என்பதுதான் உண்மை. எழுதியதை வைத்து மார்க் போட முடியாது. எதிரே உட்கார வைத்துப் பேச வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் பத்து நிமிஷம் பேசித்தான் மார்க் போடுகிறேன். "வீட்டுல போர் மோட்டார் இருக்கா? ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஈபிக்காரங்க வேலை செஞ்சுட்டுப் போனப்புறம் மோட்டார் ஓடுது, தண்ணி கம்மியா வருது. ஏன்?" என்பது எனக்குப் பிடித்த கேள்வி. ஃபேஸ் இரண்டு மாறிப்போய் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்பது விடை. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இது முன்னாலேயே தெரியும், ஏன் என்றுதான் தெரியாது. ஏஐயிடம் கேட்டுப் பார்த்தேன். ஏழெட்டுக் காரணம் அடுக்கியது, இதுவும் அதில் ஒன்றாக இருந்தது. தப்பில்லை. அந்த ஏழெட்டில் எது என்று பார்க்கக் கிணற்று மேட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளைத் தயார் செய்வதுதான் எங்கள் சோலி.

ஒருவருக்குப் பத்து நிமிஷம் என்றால் அறுபது பேருக்குப் பத்து மணி நேரம். ஒரே பாடத்துக்கு, ஒரே தடவைக்கு. இந்தப் பத்து மணி நேரம் எங்கிருந்து வரும்? வீடியோ வந்ததால் பாடம் சொல்வது மலிவாகிவிட்டது என்று சொன்னேன் அல்லவா, அதில் மிச்சமாகிற என் நேரத்திலிருந்துதான் வர வேண்டும். நடப்பது வேறு. அந்த மிச்ச நேரத்தையும் கம்ப்யூட்டரே தின்றுவிடுகிறது. ஒவ்வொரு கேள்வியும் பாடத்தின் எந்த இலக்கைத் தொடுகிறது, எத்தனை சதவீதம் பேர் அதை எட்டினார்கள் என்று எக்ஸலில் நிரப்ப வேண்டும். தரச்சான்றுக் குழு வருகிறது என்றால் நடத்தாத கூட்டத்துக்கும் போட்டோ தேட வேண்டியிருக்கும். வருகைப் பதிவு ஒரு ஆப், லீவு ஒரு ஆப், பாடத் திட்டம் இன்னொரு போர்ட்டல். நான் முன்னால் வேலை பார்த்த ஒரு இடத்தில் மூன்று போர்ட்டலிலும் ஒரே விவரத்தை ஏற்றிவிட்டு, அதையே பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஃபைலிலும் வைக்கச் சொன்னார்கள். டிஜிட்டல் என்றால் காகிதம் குறையும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை. விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில் திருத்துவது ஒன்றுதான் எனக்கு நிஜமாகவே பிடித்த மாற்றம். கண் எரியும், ஆனால் கூட்டல் பிழை என்று ஒரு பிள்ளையும் அழுதுகொண்டு வருவதில்லை.

நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கொங்கு நாட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. சோத்கங்கா என்ற தளத்தில் நாடு முழுக்க ஆய்வேடுகள் கிடைக்கின்றன. பாரதியார் பல்கலைக்கழக ஆய்வேட்டைக் கோயம்புத்தூர் போகாமல் காங்கயத்திலிருந்தே படிக்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் தமிழிலேயே இருக்கிறது, தென்னையில் என்ன பூச்சி என்று நீங்களே பார்க்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆய்விதழ்கள்? 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், 6,300 நிறுவனங்கள். எல்லாம் அரசு நிறுவனங்கள். நம் பக்கம் காலேஜ் என்றாலே பெரும்பாலும் தனியார் அறக்கட்டளைதான். அவிநாசி சாலையிலும் பெருந்துறை சாலையிலும் போகிற வழியில் எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. வரி கட்டுகிறவன் பிள்ளை எந்தக் காலேஜில் படித்தால் என்ன?

சரி, உங்கள் மகளுக்கு வருவோம்.

முழுக்க வீட்டிலிருந்தே படிக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பு. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் என்று எந்தப் படியில் வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். பாடம் ஆன்லைன், முக்கியத் தேர்வுகள் மையத்தில் நேரில். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இதில் சேர்ந்தார்கள். ஒருத்தி முடிக்கப் போகிறாள். இன்னொருவன் அடுத்த மாதம் பார்க்கிறேன், அடுத்த டெர்ம் பார்க்கிறேன் என்று நின்றுவிட்டான். கெட்டிக்காரன்தான், மூளையில் குறை இல்லை. வீட்டில் இருக்கிற பிள்ளை சும்மா இருக்கிறது என்று நினைத்து எல்லாரும் வேலை ஏவினார்கள். களத்துக்குப் போய்வா, ஒறம்பரை வந்திருக்குது காபி போடு. பெண் பிள்ளைக்கு இது இரண்டு மடங்கு. அவளுக்கென்று ஒரு அறையும், தினம் ஐந்து மணி நேரம் யாரும் கூப்பிடாத கதவும் கொடுக்க முடியுமா என்று உங்கள் வீட்டில் முதலில் பேசுங்கள். முடியாது என்றால் அந்த இரண்டு மணி நேரக் காலேஜ் பஸ்தான் அவளுக்குக் கிடைக்கிற தனி அறை. ஜன்னலோரம் ஹெட்போன் போட்டு லெக்சர் கேட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன்.

காசு பற்றி ஒரு வார்த்தை. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் சீட் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இதை விசாரிக்காமல் ஃபீஸைப் பற்றி வெசனப்பட வேண்டாம்.

காலேஜ் என்று முடிவு செய்தால், பிராஸ்பெக்டஸில் போட்டிருக்கிற ஸ்மார்ட் போர்டையும் வைஃபையையும் பார்க்காதீர்கள். அது எல்லா இடத்திலும் இருக்கிறது, பாதி இடத்தில் ஸ்மார்ட் போர்டு மேல் துணி போட்டு மூடியிருக்கும். ஓப்பன் டேவுக்கும் போகாதீர்கள், அன்றைக்கு எல்லாரும் டை கட்டியிருப்பார்கள். செமஸ்டர் நடக்கிற நாளில், ஒரு புதன்கிழமை சாயங்காலம் மூன்றரை மணிக்குப் போங்கள். லேப் பக்கம் நடந்து பாருங்கள், வாத்தியார் பிள்ளைகளோடு நிற்கிறாரா, ஸ்டாஃப் ரூமில் எக்ஸல் நிரப்புகிறாரா என்று. அப்புறம் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து, மூன்றாம் வருஷப் பிள்ளை யாரையாவது பிடித்து ஒன்று மட்டும் கேளுங்கள்: "ஏங்கண்ணு, கடைசியா நீ எழுதிக் குடுத்த ரெக்கார்டைப் படிச்சுப் பாத்துட்டு உங்க சார் உன்னை ஏதாச்சும் கேட்டாரா?"

கேட்டார் என்று சொன்னால், என்ன கேட்டார் என்றும் கேளுங்கள்.